கொங்குச் சிறு தொழில்: வளர்ச்சிக்கு வழியா, பெரிய கம்பெனிக்குக் கூலி வேலையா?

ஈரோட்டு வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம்ங்க. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வளரும் பொருளாதாரத்தில் சிறு தொழிலின் பங்கு என்ன என்று கேட்டால் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் எழுதித் தருகிறார்கள்: வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, நாட்டின் முதுகெலும்பு. நானும் மதிப்பெண் போட்டுவிடுகிறேன். ஆனால் இதை எழுதுகிற பிள்ளைகளில் பலர் வீட்டில் தறி ஓடுகிறது, இல்லாவிட்டால் பனியன் தைக்கிறார்கள். வீட்டுத் தொழிலுக்குப் போவாயா என்று கேட்டால் வகுப்பில் ஒரு கை உயர்வதில்லை.

என் சந்தேகம் இதுதான். 1967 முதல் அரசு சில பொருட்களைச் சிறு தொழிலுக்கென்றே ஒதுக்கி வைத்தது. ஒரு கட்டத்தில் பட்டியல் 800ஐத் தாண்டியது. பின்னலாடையும் அதில் இருந்தது, 2005இல்தான் எடுத்தார்கள். மிச்சமிருந்த கடைசி 20 பொருட்களை 2015இல் நீக்கியதோடு பட்டியலே முடிந்துபோனது. ஒதுக்கீட்டை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்றால், வளர்ந்தால் சலுகை போய்விடும் என்ற பயத்தில் முதலாளி ஒரு பெரிய ஆலை கட்டாமல் நாலு பெயரில் நாலு சின்ன கம்பெனி நடத்தினார், அதனால் நாம் இயந்திரத்தில் பின்தங்கினோம், வங்கதேசம் ஆடை ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிப் போனது என்று. இதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அதே ஒதுக்கீட்டுக்குள் இருந்துதானே திருப்பூர் இவ்வளவு பெரிய ஏற்றுமதி ஊராகவும் ஆனது?

தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். சிறு தொழில் நம்மை வளர்க்கிறதா, இல்லை பெரியவர்களின் செலவைக் குறைத்துக் கொடுக்கும் கூலி வேலையாகவே நின்றுவிட்டதா?

லேத் பட்டறை

சார், ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் பாகங்களைக் கூலிக்குக் கடைந்து கொடுப்பது. உங்கள் கேள்விக்குக் கோயம்புத்தூரில் இருந்து பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கதை ஒதுக்கீட்டில் தொடங்கியதில்லை.

1888இல் ஸ்டேன்ஸ் துரை பஞ்சாலை போட்டார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. மில் ஓடினால் உதிரி பாகம் தேய்ந்துகொண்டே இருக்கும், சீமையில் இருந்து வரும் வரைக்கும் மெஷினை நிறுத்தி வைக்க முடியாது. அதனால் பக்கத்திலேயே பழுது பார்க்கும் பட்டறைகள் வந்தன. இன்னொரு பக்கம், கொங்குச் சீமை முழுக்கக் கிணற்றுப் பாசனம். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மின்சாரம் போனதும் மோட்டார் தேவைப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். மில்லுக்குப் பழுது பார்த்த கைகளே பம்ப் செய்யவும் பழகின. பஞ்சாலையும் விவசாயமும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் எங்கள் பட்டறைத் தொழில்.

சின்னப் பட்டறைகளால் என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? ஒருவர் புதுசாக ஒரு பம்ப் மாடல் செய்ய நினைத்தால் சொந்தமாக ஒரு மெஷின்கூட வாங்க வேண்டியதில்லை. பேட்டர்ன் (வார்ப்புக்கான அச்சு மாதிரி) செய்ய ஓர் இடம், வார்ப்புக்கு ஒரு பவுண்டரி, கடைசலுக்கு என்னைப் போல ஒருவன், ரோட்டாருக்கு ஓர் இடம், வைண்டிங்குக்குப் பெண்கள் வேலை செய்யும் ஒரு ஷெட். பீளமேட்டுக்கும் கணபதிக்கும் நடுவில் மொபெட்டில் சுற்றினால் எல்லாம் முடிந்துவிடும். புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரும் இப்படி வளர்ந்த தொழில்தான். ஒரு பெரிய ஆலையின் சுவருக்குள் இதெல்லாம் இருந்திருந்தால் கையில் காசில்லாதவன் உள்ளேயே போயிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் ஹெல்பராகச் சேர்ந்தவன். எனக்கு முதல் லேத்தைத் தந்தவர் என் முதலாளிதான். பழைய மெஷின். ரொக்கம் கேட்கவில்லை, அவருக்கு நான் செய்துகொடுத்த வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டார். இந்த ஊரில் நிறையப் பட்டறைகள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. எந்த வங்கி மேலாளரும் அன்றைக்கு எனக்குக் கடன் தந்திருக்க மாட்டார். வேலைக்காரன் முதலாளி ஆக ஒரு வழி திறந்திருக்கிறதே, சிறு தொழில் நாட்டுக்குச் செய்யும் பெரிய காரியம் அதுதான் என்பது என் எண்ணம். வேலைவாய்ப்புக் கணக்கெல்லாம் அப்புறம்.

பவர்டேபிள் திருப்பூர்

லேத் அண்ணா சொல்வது ஆண்களுக்குச் சரியாக இருக்கலாம். நான் திருப்பூரில் ‘15 வேலம்பாளையம்’ என்கிற ஊர்ப் பக்கம் சின்ன தையல் யூனிட் நடத்துகிறேன், அதற்கு முன் பவர்டேபிளில் (மோட்டார் தையல் மெஷின்) உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்தவள். எங்கள் ஊரில் டெய்லர் கான்ட்ராக்டர் ஆனார், கான்ட்ராக்டர் கம்பெனி ஆனார் என்று சொல்லும் கதைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். செக்கிங், கைமடி, பிசிர் வெட்டுவது என்று வாழ்க்கை முழுக்கப் பெண்கள் பார்க்கும் வேலைகளில் இருந்து மேலே ஏறியவர்களை எண்ணிப் பாருங்கள். மிகக் குறைவு.

வாத்தியார் கேட்ட கேள்விக்கு ஒரு டி-ஷர்ட்டை வைத்துப் பதில் சொல்கிறேன். நூல் வாங்கி நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்தி எடுப்பது), கட்டிங். பிரிண்டிங் இருந்தால் அது தனி. அப்புறம் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு யூனிட். எக்ஸ்போர்ட்டருக்கு ஆர்டர் அதிகமானால் பத்து யூனிட்டுக்குப் பிரித்துக் கொடுப்பார், குறைந்தால் இரண்டு யூனிட்டோடு நிறுத்திக்கொள்வார். வளைந்து கொடுக்கும் தொழில் அமைப்பு என்று இதைப் பாராட்டிப் பேசுவார்கள். வளைவது எங்கள் வயிறுதானே சார்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது பெரியவர்கள் டிஸ்கவுண்ட் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். அந்த டிஸ்கவுண்ட் ஒவ்வொரு கையாக இறங்கித் தையல் கூலியில் வந்து நின்றது. எனக்குக் கீழே பேரம் பேச ஆள் கிடையாது. என் டெய்லர்களிடம் குறைத்தால் அவர்கள் அடுத்த நாளே பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார்கள், நானும் குறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் சின்ன யூனிட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்னிடம் வரும் பெண்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள். காலையில் பிள்ளையை அனுப்பிவிட்டு வருகிறார்கள், ஸ்கூல் விடும் நேரத்தில் எழுந்து போகிறார்கள். ஷிப்ட் போட்டு பஸ் அனுப்பும் கம்பெனியில் இது நடக்காது. நாங்கள் மூடிவிட்டால் இவர்கள் பெரிய கம்பெனிக்கு மாற மாட்டார்கள், வீட்டிலேயே நின்றுவிடுவார்கள்.

சோமனூர் கூலித்தறி

அக்கா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. கணக்கெடுக்க வந்தால் என்னைத் தொழில்முனைவோர் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். என்னிடம் இருப்பது விசைத்தறிகளும் ஷெட்டும். நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுக்கிறார், நெய்த துணி அவருக்கே போகிறது. எனக்கு வருவது கூலி. தறிக்கு முதல் போட்டது நான், மோட்டார் எரிந்தால் காயில் கட்டுவது நான், நூல் மட்டமாக இருந்து பாவு அறுந்துகொண்டே இருந்தால் நஷ்டமும் எனக்கு. துணியில் குறை என்று பிடித்தம் செய்வது மட்டும் அவர். சம்பளக்காரனாக இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட என் தலையில் விழாது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்த மின்சாரத்தை 2023இல் 1000 யூனிட் ஆக்கினார்கள். அது இல்லாவிட்டால் இன்னும் பல ஷெட் இருண்டிருக்கும். ஆனால் கூலி உயர்வுக்கு ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்தியே கேட்க வேண்டியிருக்கிறது. 2022 தொடக்கத்தில் நிறுத்தினோம், 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தினோம். பேச்சுவார்த்தையில் ஒரு சதவீதம் ஒத்துக்கொள்வார்கள், மார்க்கெட் மந்தம் என்று சில மாதத்தில் குறைத்துவிடுவார்கள். தறியை எடைக்குப் போட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள், நெய்பவனுக்கும் அதேதான். பிள்ளைகள் கை தூக்காததில் எனக்கு ஆச்சரியமில்லைங்க சார். என் மகன் கை தூக்கினால் நானே இறக்கிவிடுவேன்.

ஈரோட்டு வாத்தியார்

கூலித்தறி அண்ணா, நான் கேட்க நினைத்தது இதைத்தான். புள்ளிவிவரத்தில் நீங்களும் லேத் அண்ணாவும், பத்து கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவரும் ஒரே பெட்டியில் இருக்கிறீர்கள். 2025 ஏப்ரல் முதல் குறுந்தொழில் என்றால் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறு தொழில் என்றால் விற்றுமுதல் 100 கோடி வரை. இந்த வரையறைக்குள் ஒரு சலுகையை அறிவித்தால் அதை வாங்கத் தெரிந்தவர் மேல்நுனியில் இருப்பவர்தான். பங்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய பங்கு என்று கேட்டாக வேண்டும்.

அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேண்டும்? கடனா?

லேத் பட்டறை

கடன் வேண்டாம் சார். என் காசு எனக்கு வந்தால் போதும்.

விளக்கமாகவே சொல்கிறேன். பவுண்டரியில் இருந்து காஸ்டிங் வந்து இறங்கும். சக்கில் பிடித்து முதல் வெட்டு, இரண்டாம் வெட்டு எடுக்கிறோம். உள்ளே ப்ளோ ஹோல் (வார்ப்பில் விழுந்த காற்றுக் குழி) இருந்தால் பல நேரம் கடைசி வெட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். அதுவரை போட்ட கூலி, கரண்ட், டூல் பிட் எல்லாம் போச்சு. அது வார்ப்புக்காரர் கணக்கா, கம்பெனி கணக்கா, என் கணக்கா என்பது பேசி முடியாத வழக்கு. சரி, நல்ல பீஸ்களை டெலிவரி கொடுத்து பில் போடுகிறேன். பேச்சு 60 நாள். 90 ஆகும், 120 ஆகும். கேட்டால் 'எங்களுக்கே டீலர் தரவில்லை' என்பார்கள். ஆனால் ஜி.எஸ்.டி. நான் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதமே கட்டியாக வேண்டும், காசு வந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்ததில் இருந்து மெஷின் ஓடாத மாதத்துக்கும் நிலைக்கட்டணம் கனமாக வருகிறது. இடைவெளியை எதில் நிரப்புவது? வீட்டு நகை, சீட்டு, வட்டிக்காரர். ஆக நான் வட்டி கட்டிக்கொண்டு என்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறேன்.

சிறு தொழிலுக்குக் கடன் தருவதாக எந்த அறிவிப்பு வந்தாலும் எனக்கு வருத்தம்தான் வருகிறது. என் பணத்தை 45 நாளில் வாங்கிக் கொடுத்தால் அந்தக் கடனே தேவைப்படாது.

ஆடிட்டர் ஆபீஸ்

லேத் அண்ணா சொல்வதற்குச் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கணக்கு எழுதும் இடத்தில் வேலை செய்வதால் எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கொடுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இணையதளம் வழியாக, இப்படிப்பட்ட பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலில் மனுப் போடலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இதற்கு மேல், 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) என்ற பிரிவைக் கொண்டுவந்தார்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வரைக்கும் அதை வாங்கியவர் தன் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது. ஆக வருசக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வந்தால் பெரிய கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆட்களே போன் செய்து உதயம் சான்றிதழ் (சிறு தொழில் என்று அரசிடம் பதிந்ததற்கான சான்று) கேட்கிறார்கள்.

ஆனால் ஒன்று. வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்பவர் உதயத்தில் பதிந்திருந்தாலும் இந்த விதி அவருக்குப் பொருந்தாது.

லேத் பட்டறை

தம்பி, சட்டம் தெரியும். கவுன்சிலுக்குப் போகிறவன் அந்த கம்பெனியின் கேட்டுக்குள் மறுபடி நுழைய முடியுமா? என் வேலையில் பெரும் பகுதி இரண்டே கம்பெனியில் இருந்து வருகிறது. ஒன்றின் மேல் வழக்குப் போட்டால் இன்னொன்றுக்கும் செய்தி போய்விடும். சட்டப்படி வட்டி கேட்டவர்களை எனக்குத் தெரியும். கடையை மூட முடிவு செய்த பிறகு கேட்டவர்கள் அவர்கள்.

கரூர் வீட்டு ஜவுளி

ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். இங்கே கடன் வேண்டாம் என்று பேசும்போது பழைய கதையை மறந்துவிடக் கூடாது. கரூர் வைஸ்யா வங்கி 1916இல் எங்கள் ஊர் வியாபாரிகள் தொடங்கியது, லட்சுமி விலாஸ் 1926. கடை நடத்துகிறவர்களே வங்கி வைத்ததால் யார் கையில் சரக்கு இருக்கிறது, யார் சொன்ன நாளில் தருவார் என்பது வங்கிக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் படுக்கை விரிப்பும், கொசுவலையும், பஸ் பாடி கட்டும் தொழிலும் ஊன்றியதில் உள்ளூர்க் கடனுக்கு நிச்சயம் பங்குண்டு. இன்றைக்கு என் ஃபைலைப் பார்க்கிறவர் என் ஷெட்டைப் பார்த்ததே இல்லை.

அதனால் லேத் அண்ணா கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன்: ட்ரெட்ஸ் என்ற இணைய ஏற்பாடு. கம்பெனி உங்கள் பில்லை ஒத்துக்கொண்டதும் அதன் பேரில் வங்கிகள் ஏலம் எடுத்து உங்களுக்கு உடனே பணம் தரும், கெடு நாளில் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். கம்பெனி கட்டத் தவறினாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்பது இப்போது விதி.

நொய்யல் விவசாயி

எல்லோரும் உங்கள் காசைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் பார்க்கும் குடும்பம். 1992இல் அணை கட்டி முடித்தார்கள், பாசனத்துக்கு. வந்து தேங்கியது திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத் தண்ணீர். அணையில் தண்ணீர் இருக்கும்போதே 'திறந்து விடாதீர்கள்' என்று விவசாயி போராடிய ஊர் எங்களுடையது. கிணற்றுத் தண்ணீரில் கை நனைத்தால் உப்புப் பூக்கும். தென்னை நின்றுகொண்டே பட்டுப்போனது.

அந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை சிறு தொழில்கள்தான். அவர்கள் மலிவாகத் துணி கொடுத்ததற்கு விலை கொடுத்தது நாங்கள். சிறியவர் என்பதற்காக யாரும் சலுகை கேட்க வேண்டாம். ஒரு சின்னப் பட்டறை விடும் தண்ணீர் ஆற்றைக் கெடுக்காது, நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆறே இருக்காது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை எங்கள் பேச்சை யார் கேட்டார்கள்?

பவர்டேபிள் திருப்பூர்

ஐயா, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அந்த வருசம் எங்களுக்கும் வேலை இல்லாமல் போனது, துணி சாயத்துக்கு வெளியூர் போய்த் திரும்பியது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். சின்னச் சாயப்பட்டறை தனியாக ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையம் போட முடியாது. பல பட்டறைகள் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் திரும்ப ஓட்டினார்கள். உப்பையும் தண்ணீரையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். கோர்ட் உத்தரவு வந்துதான் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் சேர்ந்தால் சின்னவர்களாலும் முடியும் என்பதும் தெரிந்துபோனது. அதன் செலவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் பையர் விலையில் சேர்த்துத் தருவதில்லை, அது என் கோபம்.

ஈரோட்டு வாத்தியார்

இந்த இழையில் இருந்து எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். லேத் அண்ணா, கூலித்தறி அண்ணா இருவரும் கூலிக்குத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் லேத் அண்ணாவின் பட்டறைக்கு வேறு கம்பெனி வேலையும் வரும், வேறு பொருளும் கடைய முடியும், அதனால் அவருக்கு ஏற வழி இருந்தது. கூலித்தறி அண்ணா ஒரே ஜவுளிக்காரரின் நூலுக்குக் கட்டுப்பட்டவர், அவருக்கு வழி அடைத்திருக்கிறது. இரண்டையும் சிறு தொழில் என்று ஒரே தலைப்பில் நடத்துவதை இனி நிறுத்தப்போகிறேன்.

சோமனூர் கூலித்தறி

சரிங்க சார், ஆனால் முழுக்க அடைத்துவிடவில்லை. எங்கள் பக்கம் சிலர் சேர்ந்து நூல் வாங்கிச் சொந்தமாக ஓட்டப் பார்த்தார்கள். துணி விற்றுப் பணம் வர மாதக்கணக்கு ஆகும், நூலுக்கு மில்காரர் ரொக்கம் கேட்பார். நூல் விலை ஏறிய நேரத்தில் கையில் இருந்ததும் போய்க் கூலிக்கே திரும்பினார்கள். லேத் அண்ணாவின் பிரச்சினைதான் இதுவும். நடுவில் அந்த இரண்டு மூன்று மாதத்தைத் தாங்க முடிந்தால் நாங்களும் நாலு பேருக்கு விற்கலாம்.

பவர்டேபிள் திருப்பூர்

ஆடிட்டர் தம்பிக்கு ஒரு கேள்வி. நான் ஜி.எஸ்.டி. வாங்கவில்லை, வருசத்துக்கு 20 லட்சத்துக்குள் கூலி. துண்டுச் சீட்டில்தான் கணக்கு நடக்கிறது. எனக்கு இந்த 45 நாள் பொருந்துமா?

ஆடிட்டர் ஆபீஸ்

பொருந்தும் அக்கா, உதயம் பதிவு இருந்தால். ஜி.எஸ்.டி. வாங்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் அது இல்லாமலே பதியலாம். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்டு வரும் தளங்கள் போலி, ஏமாந்துவிடாதீர்கள். பதிந்த பிறகு கொடுக்கும் வேலைக்குத்தான் பாதுகாப்பு, பழைய பாக்கிக்குச் செல்லாது என்று கோர்ட்டுகள் சொல்லியிருப்பதால் தள்ளிப் போட வேண்டாம். துண்டுச் சீட்டை நிறுத்திவிட்டு ஒரு சாதாரண பில் புத்தகம் அடியுங்கள். அதில் உதயம் எண், வேலை கொடுத்த தேதி, எத்தனை பீஸ், ரேட், 'தவணை 45 நாள்' என்ற வாசகம், வாங்கிக்கொண்டவர் கையெழுத்து, இவ்வளவும் இருக்கட்டும். வழக்குப் போடாவிட்டாலும் மார்ச் மாதம் அந்த வாசகம் உங்களுக்காகப் பேசும். மாதிரி பில் ஒன்றை நாளை இங்கேயே போடுகிறேன்.

லேத் பட்டறை

போடு தம்பி. எனக்கும் ஒன்று வேண்டும். எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வைக்கப்போகிறேன்: பாக்கி பட்டியலைத் தனித்தனி ஆளாகக் கொண்டுபோகாமல் சங்கத்தின் பேரில் கம்பெனிக்கு அனுப்புவது. யார் கேட்டார்கள் என்று தெரியாவிட்டால் யார் வேலையையும் நிறுத்த முடியாது. கூலித்தறி அண்ணா, உங்கள் சங்கத்தில் கூலிக்கு இப்படி ஏதாவது செய்து பார்த்தீர்களா?